சி.ஐ.டி. அக்காமாரும் தரை டிக்கெட்டும்

போஸ்டரில் அவள்தான் பெரிசாக இருப்பாள். முழங்கால் வரை பூட்ஸ், இடுப்பில் தோட்டா செருகிய பெல்ட், கையில் துப்பாக்கி. ஆம்பளை முகம் ஒன்று மூலையில் தபால்தலை அளவுக்கு ஒட்டிக்கிடக்கும். அதை நம்பிக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தால் கணக்குத் தலைகீழாகிவிடும். தபால்தலைக்காரர் படம் முழுக்க வருவார். அவளுக்கு இரண்டு சண்டை, ஒரு ஆட்டம், கடைசியில் கழுத்தில் ஒரு மாலை. 1970களில் நாகலாபுரம் சுற்றுவட்டாரத்து டூரிங் டாக்கீஸ்களுக்கு வந்துபோன பெண் துப்பாக்கிப் படங்களில் முக்கால்வாசி இந்த ரகம். மட்டமான படங்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களுக்கு வரலாறு எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்தப் படங்கள் எங்கள் கரிசக்காட்டுக்கு எந்த வழியாக வந்தன, யார் காசு கொடுத்துப் பார்த்தார்கள், எந்த இடத்தில் ஏமாந்தார்கள் என்பதை, தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தவள் என்ற தகுதியில் நான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் என்பது அடுத்த தகுதி.

நாகலாபுரம் விளாத்திகுளம் வட்டத்தில் இருக்கிறது. 1799இல் கட்டபொம்மனின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளையை வெள்ளைக்காரன் தூக்கில் போட்ட ஊர் என்று பாடப் புத்தகத்துக்கு ஒரு வரி கொடுத்த ஊர். பருத்தி, கம்பு, மிளகாய், மல்லி. மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் விடியுமுன் ஏற வேண்டியதுதான். 1986இல் தூத்துக்குடியைத் தனி மாவட்டமாக்கும் வரை நாங்கள் திருநெல்வேலி மாவட்டத்தின் வடக்கு ஓரம். கொஞ்சம் தள்ளிப்போனால் அருப்புக்கோட்டை, அது அப்போது ராமநாதபுரம் மாவட்டம். இந்த எல்லை தாசில்தாருக்கு எவ்வளவு முக்கியமோ அதைவிட சினிமாக்காரர்களுக்கு முக்கியம். திருநெல்வேலி–கன்னியாகுமரி ஒரு ஏரியா, மதுரை–ராமநாதபுரம் இன்னொரு ஏரியா. ஒரே படத்தை இரண்டு ஏரியாவுக்கும் இரண்டு விநியோகஸ்தர் வாங்கியிருப்பார்கள். அருப்புக்கோட்டையில் ஓடி முடிந்த படம் எங்களுக்கு வர இன்னொரு பொங்கல் ஆகலாம். அங்கே கட்டிக்கொடுத்த பெண் ஊருக்கு வரும்போது கதையை முழுசாகச் சொல்லிவிட்டுப் போவாள்; படம் அதற்குப் பிறகுதான் வரும்.

என் தாய்மாமா டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர். எந்தக் கொட்டகை என்பது இங்கே வேண்டாம், முதலாளியின் பிள்ளைகள் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள். மாமாவால்தான் எனக்குப் பெண்கள் பக்கத்துத் தரையும் தெரியும், கேபினும் தெரியும்.

கேபின் என்றால் தகரமும் செங்கல்லும் வைத்துக் கட்டிய அறை. ஒரே ஒரு புரொஜெக்டர். பட்டணத்துத் தியேட்டரில் இரண்டு மெஷின் இருக்கும், ஒன்று முடிய ஒன்று தொடங்கும், ஜனத்துக்குத் தெரியாது. இங்கே ஒரு ஸ்பூல் தீர்ந்தால் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். ஆயிரம் அடி ரீல் ஒன்று ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். பதினாறு ரீல் படம் என்றால் மூன்று மணி நேரம், ஊடே எத்தனையோ இடைவேளை. வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சிகள். இரண்டு குச்சியும் நெருப்பில் தேயத் தேய இடைவெளி கூடும், திருகிக் கிட்டக் கொண்டுவந்துகொண்டே இருக்க வேண்டும். மாமா ஒரு கையால் அதைத் திருகிக்கொண்டு இன்னொரு கையால் பீடி பிடிப்பார். 1950களின் தொடக்கம் வரை படச்சுருளே தீப்பற்றுகிற ரகமாக இருந்தது. அந்தக் காலத்து ஆபரேட்டராக இருந்திருந்தால் மாமா என் பிறப்புக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருப்பார்.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலின் ஆதி புருஷர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்தவர், 1905இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படங்களையும் விலைக்கு வாங்கிக் கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார். அவர் காலத்தில் அது நிஜமாகவே ஊர் சுற்றும் தொழில். எங்கள் காலத்தில் பெயர்தான் டூரிங். 1955ஆம் வருஷத்துச் சட்டமும் அதையொட்டி 1957இல் வந்த விதிகளும் டூரிங் கொட்டகைக்கு நிரந்தரக் கட்டடம் ஆகாது, லைசென்ஸும் கெடு வைத்துத்தான் என்றன. கெடு முடிந்தால் பிரித்து, கொஞ்ச நாள் விட்டு, அதே பொட்டலில் அதே கீற்றை மறுபடி கட்டுவார்கள். எங்கள் பக்கம் கரிசல் மண் இன்னொரு சட்டம் போட்டது. ஐப்பசி மழையில் அந்த மண் காலை விடாது, வண்டிச் சக்கரத்தை விடாது, உட்கார்ந்தால் சேலையை விடாது. கொட்டகை களைகட்டுவது தை பிறந்து பருத்தி வெடித்து நாலு காசு கையில் புழங்கும்போதுதான். பங்குனிப் பொங்கலுக்குக் கூட்டம் தாங்காது.

சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு குழாயில் கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். முதலில் அரசாங்கத்து நியூஸ் ரீல், எங்கோ ஒரு அணை திறப்பு, எங்கோ ஒரு வெள்ளம். பிறகு படம். தரையை ஒரு தட்டி இரண்டாகப் பிரிக்கும். இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். மண்ணைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தால் முன்னால் இருப்பவள் தலை மறைக்காது. பின்னால் இருப்பவள் அதற்குத் திட்டுவாள். சேவுப் பொட்டலம், கடலை, சோடா. பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது, இருட்டு மட்டும் உண்டு.

அந்தப் பெண்கள் யார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பகலெல்லாம் பருத்தி எடுத்தவர்கள், மிளகாய் பழம் பறித்தவர்கள், தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவர்கள், வீட்டிலேயே பெட்டி ஒட்டியவர்கள். 1920களில் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுக்கொண்டு வந்த தொழில், கோவில்பட்டி வரை பரவிக் கரிசல் பெண்களின் கையில் முதன்முதலாக வாராவாரம் சம்பளம் என்று ஒன்றைப் போட்டது. சனிக்கிழமை சம்பளம், சனிக்கிழமை ராத்திரி இரண்டாம் ஆட்டம். அது அவர்கள் காசு. அப்பனிடமோ புருஷனிடமோ கேட்டு வாங்கியதில்லை. அதனால்தான் அந்தப் போஸ்டர் அவர்களைக் கூப்பிட்டது என்று நான் நினைக்கிறேன். போஸ்டர் ஒட்டியவன் ஆண்கள் பக்கத்தை மனசில் வைத்துத்தான் ஒட்டினான். தொடை தெரிகிற படம் அது. ஆனால் தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் பார்த்தது தொடையை அல்ல. மேஸ்திரியிடம் தினம் ஏச்சு வாங்கியவளுக்குத் துப்பாக்கி பிடித்த கை பெரிசாகத் தெரிந்தது.

இந்தப் படங்கள் வந்த வழி காசு வழி. பெரிய நடிகர் படத்துக்கு விநியோகஸ்தர் பங்கு கேட்பார். வசூலில் இத்தனை சதவீதம் என்று பேசி, கணக்குப் பார்க்கப் படப்பெட்டியோடு கூடவே ஒரு ரெப்பை அனுப்புவார். ரெப்புக்குச் சாப்பாடு, படுக்கை, மரியாதை எல்லாம் கொட்டகைக்காரர் செலவு. சின்னப் படத்துக்கு இந்தத் தொந்தரவு கிடையாது. இத்தனை நாளைக்கு இத்தனை ரூபாய் வாடகை, பெட்டி பஸ் கூரையில் ஏறி வந்துவிடும், கூட்டம் வந்தால் முழுக்க முதலாளிக்கு. அதுவும் பெரிய ஊர்கள் ஓட்டித் தேய்த்த பிரிண்ட். திரை முழுக்கக் கோடு கோடாக விழும். 'மழை பெய்யுது' என்பார்கள். நிஜ மழையைக் காணாத ஊரில் கொட்டகைக்குள் மட்டும் மூன்று மணி நேரம் அடைமழை. அங்கங்கே அறுந்து ஒட்டிய இடத்தில் கதை தாவும். வில்லன் கதவைத் திறப்பான், அடுத்த நொடி ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுக் கிடப்பான். யார் அடித்தார்கள் என்று நாங்களாகவே பேசித் தீர்த்துக்கொள்வோம். நாங்கள் தீர்த்த கதை பல சமயம் படத்தைவிட நன்றாக இருந்தது.

இப்படி வாடகைக்கு வந்த படங்களில் பெண் துப்பாக்கிக்கு எப்போதும் இடம் உண்டு. அந்த வம்சாவளி 1970இல் தொடங்கியதும் அல்ல. பம்பாயில் வாடியா கம்பெனி 1935இல் எடுத்த 'ஹண்டர்வாலி'யில் நாடியா சாட்டையைச் சுழற்றினாள். ஆஸ்திரேலியாவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண், இயற்பெயர் மேரி எவன்ஸ். அடுத்த இரண்டே வருஷத்தில், 1937இல், கே. அமர்நாத் இயக்கத்தில் கே.டி. ருக்மணி தமிழில் 'மின்னல் கொடி'யாக வந்தார். ஆண் உடை, குதிரை, முகமூடி. திக்கற்ற ஒரு பெண், செத்துப்போகும் கொள்ளைக்காரனின் பெயரைத் தான் எடுத்துக்கொண்டு இருப்பவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுக்கிறாள். 1939இல் 'வீர ரமணி'. என் அம்மாச்சி பெயர் எல்லாம் மறந்து போன வயதிலும் "குருதை மேல டவுசர் போட்டு வந்தாளே ஒருத்தி" என்று மின்னல் கொடியை மட்டும் நினைவு வைத்திருந்தாள். ஆனால் கதை எப்படி முடிகிறது? தன்னைப் பிடிக்க வந்த போலீஸ் அதிகாரியையே கட்டிக்கொள்கிறாள். 1937இல் போட்ட அந்த முடிச்சு நாற்பது வருஷம் அவிழவில்லை.

1950களில் அந்த ஆள்மாறாட்டக் குதிரைக்காரிகள் குறைந்துபோனார்கள். அழுகைப் படங்களின் காலம். 1960களில் ஜேம்ஸ்பாண்ட் காற்று அடித்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1966இல் 'வல்லவன் ஒருவன்' எடுத்தது, ஜெய்சங்கர் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் ஆனார். அவருடைய படங்கள் கொட்டகைக்காரர்களுக்குக் குலசாமி. வாடகை மட்டு, சண்டை நிறைய, வருஷத்துக்கு ஏழெட்டாவது வரும். அந்த வரிசையில் 1970இல் வந்தது 'சி.ஐ.டி. சங்கர்'. துப்பறிகிறவர் ஜெய்சங்கர், கதாநாயகி சகுந்தலா. படம் வந்த பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சி.ஐ.டி. என்ற பட்டம் சங்கரை விட்டுச் சகுந்தலாவிடம் ஒட்டிக்கொண்டது. 2024 செப்டம்பரில் காலமானபோதும் பத்திரிகைகள் சி.ஐ.டி. சகுந்தலா என்றே எழுதின. ஆயுசு முழுக்கப் பெயருக்கு முன்னால் உத்தியோகத்தைச் சுமந்தவருக்குத் திரை பெரும்பாலும் கொடுத்தது ஆட்டமும் கவர்ச்சி வேடமும் வில்லி வேடமும். நல்ல நடனக்காரி, முகத்தில் எகத்தாளம் அருமையாக வரும். பட்டத்துக்கு ஏற்ற ஒரு வேலையை எந்த முதலாளியாவது முழுப் படமாகக் கொடுத்திருந்தால் தமிழுக்கு ஒரு நல்ல பெண் துப்பறிவாளர் கிடைத்திருப்பார் என்பது என் தீர்மானம்.

தெலுங்கிலிருந்து வந்தவள் விஜயலலிதா. கே.எஸ்.ஆர். தாஸ் 1970இல் 'ரவுடி ராணி' எடுத்தார். குடும்பத்தை அழித்தவர்களைத் தேடிப் பழிதீர்க்கும் பெண். அவரே அதை 1972இல் 'ராணி மேரா நாம்' என்று இந்திக்கும் கொண்டுபோனார். தாஸ் மகா வேகக்காரர். 1971இல் கிருஷ்ணாவை வைத்து அவர் எடுத்த 'மோசகாள்ளக்கு மோசகாடு' தமிழில் 'மோசக்காரனுக்கு மோசக்காரன்' ஆகி எங்கள் கொட்டகையைக் குதிரைப் புழுதியால் நிரப்பியது. விஜயலலிதா படங்களும் தமிழ்க் குரலோடு வந்தன. உதடு ஒன்று சொல்லும், சத்தம் இன்னொன்று சொல்லும். ஒருத்தியாக நின்று நாலு பேரைத் தூக்கி எறிவாள். எறியப்படுகிறவன் அவள் கை படுமுன்னே எம்பிக் குதிப்பது தரையிலிருந்தே தெரியும். ஆனாலும் இவளிடம் ஒரு நிஜம் இருந்தது. முறைத்தால் முறைப்பு, அடித்தால் அடி. பெண்கள் பக்கம் விசில் அடிக்கத் தெரியாதவர்கள் குலவை போட்டார்கள்.

மாமாவுக்கு இதெல்லாம் ரீல் கணக்கு. "பொம்பள துப்பாக்கி எடுத்தா ரெண்டு ரீலு தாயி, ஆம்பள எடுத்தா பத்து ரீலு. மிச்சம் காமெடியும் பாட்டும்" என்பார். பெட்டிகளின் மேல் எண் எழுதியிருக்கும். அவள் சண்டை போடுகிற ரீல் எது என்று அவருக்கு மனப்பாடம். அந்த ரீலுக்கு முன்னால் மட்டும் கார்பன் குச்சியைப் புதுசாக மாற்றுவார், வெளிச்சம் மங்கக் கூடாது என்று. ஒருமுறை நான், "மாமா, இவ யாரு கொலை செஞ்சான்னு கண்டுபிடிக்கவே இல்லையே, ஹீரோதான வந்து சொல்லிட்டுப் போறாரு?" என்று கேட்டேன். "அதுக்கு ஏன் தாயி நம்ம ஊர்ல சினிமா? ஜக்கம்மா இருக்காள்ல" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது வரலாறுதான். துப்பறிவது எங்கள் வட்டாரத்துக்குப் பட்டணத்திலிருந்து வந்த சரக்கு இல்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கு முன்னால் காவல் முறை இருந்தது. ஊருக்கு ஊர் காவல்காரர்கள், அறுப்பில் அவர்களுக்குப் பங்கு, களவு போனால் அவர்களே பொறுப்பு. 1917இல் பேட் துரை எழுதி வெளிவந்த திருநெல்வேலி கெசட்டியர் இதையெல்லாம் விவரிக்கிறது. மாடு காணாமல் போனால் தடம் பார்க்கத் தெரிந்தவர்கள் உண்டு. கரிசல் மண் ஈரத்தில் குளம்படியை அப்படியே பிடித்துவைத்துக் காய்ந்த பிறகும் விடாது. தடம் தப்பினால் துப்புக்கூலி. மாட்டின் விலையில் ஒரு பங்கை ஆள் மூலம் கொடுத்தால், இன்ன ஓடைக்கரையில் இன்ன மரத்தடியில் மாடு கட்டிக்கிடக்கும் என்று தகவல் வரும். போலீசுக்குப் போனால் மாடு வராது. திருடனும் துப்பாளியும் சில சமயம் ஒரே ஆள் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். இதில் அமெரிக்கத் துப்பறியும் கதை அத்தனையும் அடங்கிவிடுகிறது, மழைக்கோட்டும் தொப்பியும் மட்டும் பாக்கி.

இது ஆண்கள் வேலை. கொலுசு காணோம், அரிசிப் பானைக்குள் வைத்த சீட்டுப் பணம் காணோம் என்ற வீட்டுக் களவுக்குப் பெண்கள் போனது குறி கேட்க. கம்பளத்து நாயக்கர்களின் தெய்வமும் கட்டபொம்மன் வணங்கிய தெய்வமுமான ஜக்கம்மா எங்கள் பக்கம் குறிக்கும் அதிகாரி. குடுகுடுப்பைக்காரரும் அவள் பெயரைச் சொல்லித்தான் விடியலில் வாசலில் நிற்பார். குறி சொல்கிற பெண் சாமி வந்து ஆடி முடித்து, "கிழக்குப் பாத்த வீடு, மாநெறம், நெத்தியில தழும்பு" என்பாள். அவளுக்கு ஊரில் யார் யாரோடு பேச்சு, யார் வீட்டில் கடன், யார் புதுசாகச் சேலை எடுத்தது எல்லாம் தெரியும். தெய்வம் பாதி, இந்த ஞானம் பாதி. மறுநாள் காலை கொலுசு தானாக மாட்டுக்காடியில் கிடக்கும். ஆகத் திருடனை அறிந்து சொல்கிறவள் பெண் என்பதில் எங்கள் ஊருக்கு எந்தச் சங்கடமும் இருந்ததில்லை. சங்கடம் கோடம்பாக்கத்துக்குத்தான்.

இந்த நிலைமையில் 1972இல் 'ஜக்கம்மா' என்ற பெயரிலேயே ஒரு படம் வந்தால் எப்படி இருக்கும்? ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கியது, ஜெய்சங்கர் நடித்தது. கர்ணன் குதிரைப் படங்களில் மன்னன். 'காலம் வெல்லும்', 'கங்கா' என்று வரிசையாகக் கௌபாய் தொப்பிகளைத் தமிழ் மலைகளில் ஓடவிட்டவர், கேமராவை அவரைப் போல ஓடவிட்டவர் அப்போது குறைவு. நாகலாபுரம் பக்கம் பெயரைக் கேட்டே வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். சாமி படம் என்று எண்ணி மஞ்சள் துணியில் சூடம் முடிந்துகொண்டு வந்த கிழவிகளை நானே பார்த்தேன். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் ஒருத்தி சூடத்தை மறுபடி முடிந்துகொண்டாள். இன்னொருத்தி எழுந்து நின்று, "ஆத்தா எப்பய்யா வருவா?" என்று கேபினைப் பார்த்துக் கேட்டாள். மாமா பதில் சொல்லவில்லை. அந்தப் படத்தை நான் குறை சொல்லமாட்டேன், கர்ணன் கௌபாய் படம் எடுக்கத்தான் வந்தார். பெயரை மட்டும் வேறு யாரிடமாவது வாங்கியிருக்கலாம்.

கடலுக்கு அப்பால் அதே வருஷங்களில் அமெரிக்காவில் இதே கூத்து நடந்தது என்பதை நான் வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஹாலிவுட் பெரிய கம்பெனிகள் கடனில் தத்தளித்த நேரம், நகரத்து நடுத் தியேட்டர்களுக்குக் கறுப்பின மக்கள்தான் வந்துகொண்டிருந்தார்கள். 1971இல் 'ஷாஃப்ட்' என்ற கறுப்பினத் துப்பறிவாளர் படம் எம்.ஜி.எம். கம்பெனிக்குக் காசை அள்ளிக் கொடுத்தது. உடனே மலிவாக, வேகமாக, கறுப்பின நடிகர்களை வைத்து அடிதடிப் படங்களை எடுத்துத் தள்ளினார்கள். முதலும் லாபமும் பெரும்பாலும் வெள்ளைக்கார முதலாளிகளுக்கு. 1972இல் கறுப்பின உரிமை இயக்கத்தைச் சேர்ந்த ஜூனியஸ் கிரிஃபின், இது எங்கள் மக்களைச் சுரண்டுவது என்று கண்டித்து 'பிளாக்ஸ்ப்ளாய்டேஷன்' என்ற பெயரை வைத்தார். வசவாக வைத்த பெயர் ரகத்துக்கே பெயராகிவிட்டது.

அங்கேயும் பெண் துப்பாக்கி உண்டு. அமெரிக்கன் இன்டர்நேஷனல் என்ற மலிவுக் கம்பெனி 'கிளியோபாட்ரா ஜோன்ஸ்' கதையைப் பெரிய கம்பெனியிடம் கோட்டைவிட்டது. ஆத்திரத்தில் ஜாக் ஹில்லைக் கூப்பிட்டு, முந்திக்கொண்டு ஒன்றை எடு என்றது. 1973இல் வந்த 'காஃபி' அப்படிப் பிறந்தது. அதில் நடித்த பாம் கிரியர் விஜயலலிதாவின் ஜாதி, முறைத்தால் நம்பலாம். அவள் ஒரு நர்ஸ், தங்கையைப் போதையில் கெடுத்தவர்களைத் தேடுகிறாள். அடுத்த வருஷம் 'ஃபாக்ஸி பிரவுன்', காதலனுக்காகப் பழி. அங்கும் யாராவது கெட வேண்டும், இல்லை சாக வேண்டும், அப்போதுதான் அவளுக்குத் துப்பாக்கி எடுக்க அனுமதி.

அலை வடிகிற நேரத்தில், 1976இல், 'வெல்வெட் ஸ்மூத்' என்று ஒன்று வந்தது. மைக்கேல் ஃபிங்க் இயக்கம், ஜானி ஹில் என்ற பெண் நாயகி. பெயரைப் பார்த்து ஆண் என்று நினைக்க வேண்டாம். இது பழிக்கதை அல்ல, இவள் தனியார் துப்பறிவாளர். ஒரு கும்பல் தலைவன் தன் தொழிலில் கைவைக்கிறவர்கள் யார் என்று கண்டுபிடிக்கக் கூலி பேசி அவளை அமர்த்துகிறான். உதவிக்கு இரண்டு பெண்கள். யாரும் சாகாமலே ஒரு பெண்ணுக்கு வேலை! என் மகள் இணையத்தில் தேடி எடுத்துக் கொடுத்தாள், நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாற்பது நிமிடத்தில் சாய்ந்துவிட்டேன். அவள் யாரிடமும் உருப்படியாக ஒரு கேள்வி கேட்பதில்லை. எதையும் உற்றுப் பார்ப்பதில்லை. ஒரு இடத்துக்குப் போகிறாள், நாலு பேர் வருகிறார்கள், குங்ஃபூ. இன்னொரு இடம், இன்னும் நாலு பேர், மறுபடி குங்ஃபூ. அடி விழுமுன் ஆள் விழுகிறான். ஒளி மங்கல், வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. குற்றவாளி யார் என்பது கும்பல் தலைவனைத் தவிர எல்லாருக்கும் தெரிகிறது. எங்கள் பொட்டலில் திரையிட்டிருந்தால் யாரும் வித்தியாசம் கண்டிருக்க மாட்டார்கள்.

காசு இல்லாததால் படம் கெட்டது என்று சொல்வது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குதிரைக்கும் குண்டுக்கும் காசு வேண்டும். ஒரு பெண் நாலு பேரிடம் பேச்சுக் கொடுத்து, வாய் தவறி விழும் சொல்லைப் பிடித்து, இன்னார்தான் என்று முடிவுக்கு வருவதைக் காட்ட என்ன செலவு? ஒரு அறை, ஒரு விளக்கு, இரண்டு நடிகர் போதும். சண்டையைவிட மலிவு. ஆனாலும் சேலத்திலும் சென்னையிலும் நியூயார்க்கிலும் சண்டையையே எடுத்தார்கள். அவள் கை ஓங்குவதைப் பார்க்க ஆண்கள் பக்கம் தயாராக இருந்தது. அவளுக்குத் தங்களைவிட முன்னால் விஷயம் தெரிந்துவிடுவதைப் பொறுக்குமா என்று முதலாளிகளுக்குப் பயம். பஞ்சம் பெட்டியில் இல்லை, நெஞ்சில்.

இதற்கு எங்கள் பக்கத்திலேயே சாட்சி உண்டு. சினிமா செய்யாததைச் சிவகாசி செய்தது. 1972இல் முத்து காமிக்ஸைத் தொடங்கிய அதே குடும்பத்திலிருந்து 1984 ஜூலையில் லயன் காமிக்ஸ் முதல் இதழ் வந்தது. 'கத்தி முனையில் மாடஸ்டி'. பீட்டர் ஓ'டானல் 1963இல் லண்டன் பத்திரிகையில் படக்கதையாகத் தொடங்கிய மாடஸ்டி பிளைஸிதான் அந்தத் தமிழ் பேசும் மாடஸ்டி. யோசிக்கிறவள் அவள், உடன் வரும் ஆண் அவள் சொல்படி நடப்பவன். ஒரு புதிய பத்திரிகை தன் முதல் இதழை ஒரு பெண்ணின் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தது, விற்றது, இன்றும் அவளுக்கு ரசிகர்கள் உண்டு. அவளையே 1966இல் ஜோசப் லோசி, மோனிகா விட்டியை வைத்துப் பெருஞ்செலவில் ஆங்கிலப் படமாக எடுத்தபோது, எழுதிக்கொடுத்த திரைக்கதையை மாற்றி மாற்றிக் கடைசியில் ஓ'டானலுக்கே பிடிக்காத ஒன்றாக ஆக்கினார்கள். பணம் கொட்டியும் கெட்டது. என் வகுப்புப் பெண்கள் அந்தச் சிவகாசிப் புத்தகத்தைச் சமூக அறிவியல் புத்தகத்துக்குள் வைத்துப் படித்ததைக் கண்டும் காணாமல் விட்டிருக்கிறேன்.

பிறகு ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா நாவல்கள் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்கின. சுசீலாவும் வைஜயந்தியும் துப்பறிந்தார்கள், கூட ஒரு பரத்தோ நரேந்திரனோ இருந்தே தீர வேண்டும் என்றாலும். 1990இல் தெலுங்குக் 'கர்த்தவ்யம்' வந்து விஜயசாந்திக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. தமிழில் 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' ஆகித் தமிழ்நாடெங்கும் ஓடியது. போஸ்டரில் இருந்த பெண்ணே படம் முழுக்க இருந்தாள். அதைப் பார்க்க எங்கள் பொட்டலில் கொட்டகை இல்லை. எண்பதுகளில் பங்குனிப் பொங்கலுக்கு வாடகை டெக்கும் டிவியும் வைத்து விடிய விடிய மூன்று படம் போட ஆரம்பித்தபோதே தொழில் படுத்துவிட்டது. கீற்றைப் பிரித்தார்கள், மறுபடி கட்டவில்லை. மாமா சீமைக்கருவேல் மூட்டம் போட்டுக் கரி வியாபாரம் பார்த்துக் காலத்தை ஓட்டினார். பொட்டலிலும் சீமைக்கருவேல்தான் நிற்கிறது.

இந்தப் படங்கள் பலவற்றுக்கு நல்ல பிரிண்ட் தேடுவது கஷ்டம். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' கூடப் பாட்டுப் புத்தகமாகத்தான் மிஞ்சியிருக்கிறது, சின்னப் படங்களை யார் பத்திரப்படுத்தியிருப்பார்கள்? மாட்டுவண்டியில் தமுக்கடித்துக்கொண்டு வீசிப்போன பிட் நோட்டீஸ், பாதிக் கதை சொல்லி நிறுத்திய பாட்டுப் புத்தகம், சிவகாசி லித்தோ போஸ்டர், டிக்கெட் அடிக்கட்டை – இவைதான் இனி ஆதாரம். கோவில்பட்டி, விளாத்திகுளம், புதூர் பக்கத்து வீடுகளில் பரண் ஒதுக்குகிறவர்கள் இவற்றைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட வேண்டாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்படிப்பட்ட காகிதங்களைச் சேர்த்துவைக்கிறது. அங்கே அனுப்புங்கள், அனுப்புமுன் எந்த ஊர்க் கொட்டகை, எந்த வருஷம் என்று ஞாபகம் உள்ளவர்களிடம் கேட்டுப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள்.